பெயர் நிற்கிறது, ஆள் நகர்கிறார்!

ஆம்பூர்க் கூட்டத்திலே ஒரு பிழை செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஒலிபெருக்கியின் முன்னே நின்று, "வேலூர் மாவட்டத்து ஆம்பூர்ப் பெருமக்களே!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். ஆனால் கைதட்டலிலே கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது. ஏன் என்று புரியவில்லை. மேடையை விட்டிறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்தான். பொறியியல் கல்லூரி மாணவன். தாயார் காலணித் தொழிற்சாலையிலே தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து மேல்தோல் தைப்பவர்.

"அண்ணே! ஆம்பூர் இப்போது வேலூர் மாவட்டத்திலே இல்லை. 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரே மாவட்டத்தை மூன்றாக்கி, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்ததை நானே எத்தனை மேடைகளிலே பேசியிருக்கிறேன்! பழக்கதோஷம், பழைய விலாசம் வாயிலே வந்துவிட்டது.

தம்பி விடவில்லை. "ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை அண்ணே. விலாசம் நகர்ந்துவிட்டது. நான் கல்லூரியிலே எடுத்திருக்கும் ஆராய்ச்சி இதற்கு நேர் எதிரானது. ஆள் நகர்ந்துகொண்டே இருப்பார். பெயர் நிற்க வேண்டும். கேட்டவர்க்குக் கேட்ட பொருள் வந்து சேர வேண்டும்."

"அதென்னப்பா விடுகதை?" என்றேன். விடுகதையல்ல, விஞ்ஞானம் என்றான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுபோனவன் நான். ஆயினும் தேநீர்க் கடைப் பெஞ்சிலே ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்டேன். கேட்டதை உங்கள் முன்னே வைக்கிறேன்.

இன்றைய இன்டர்நெட், விலாசத்தை நம்பி வாழ்வது. 1970ஆம் ஆண்டுகளிலே அதற்கு அடிப்படை போட்டவர்கள் காலத்திலே கணிப்பொறி என்றால் அறை நிறைய நிற்கும் இரும்பு பீரோ! அது எழுந்து நடக்குமா? வேனிலே ஏறுமா? பாலாற்றைத் தாண்டுமா? எனவே ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண், ஒரு விலாசம் கொடுத்தார்கள். இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குச் சேதி. 1983 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆராய்ச்சிப் பிணையம் இந்த முறைக்கு மாறிற்று. அது வளர்ந்துதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தொலைபேசிக் காலத்து மூளை அது. இவரை அவரோடு இணைத்துவிட்டால் போதும் என்று எண்ணிற்று.

ஆனால் நாம் கேட்பது என்ன? பாட்டு வேண்டும், படம் வேண்டும், மதிப்பெண் பட்டியல் வேண்டும், மழை எப்போது என்று தெரிய வேண்டும். எந்த நாட்டிலே, எந்தக் கட்டடத்திலே, எத்தனையாவது அலமாரியிலே இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? ஆம்பூர் பிரியாணி வேண்டும் என்பவன் பிரியாணியைத்தான் கேட்கிறான். சமையற்காரர் வீட்டுக் கதவு எண்ணையா கேட்கிறான்?

இந்தக் கேள்வியைத்தான் வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க அறிஞர் 2006லே எழுப்பினார். 2009லே அவரும் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்துத் தோழர்களும் அதற்கொரு முறையை வகுத்துக் காட்டினார்கள். 2010லே அமெரிக்க அரசின் அறிவியல் நிறுவனம் பணம் கொடுத்து வேறு பல பல்கலைக் கழகங்களையும் சேர்த்தது. பொருளை மையமாகக் கொண்ட பிணையம் என்று அதற்குப் பெயர் சொல்லலாம். விலாசத்தைக் கேட்காதே, பொருளின் பெயரைச் சொல் என்பதுதான் அதன் அரிச்சுவடி.

எப்படி நடக்கும்? "வேண்டும்" என்று ஒரு சீட்டு கிளம்பும். சீட்டிலே பொருளின் பெயர் மட்டும் இருக்கும். கேட்டவர் யார் என்ற விலாசம் கூட இராது. வழியிலே உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு கணக்குப்பிள்ளை. அவரிடம் ஒரு கிடங்கும் இரண்டு ஏடுகளும். கிடங்கிலே அந்தப் பொருளின் படி இருந்தால் அங்கேயே கொடுத்துவிடுவார். இல்லையென்றால், "இந்தச் சீட்டு இந்தப் பக்கமிருந்து வந்தது" என்று ஓர் ஏட்டிலே குறித்துக்கொண்டு, இன்னோர் ஏட்டைப் பார்த்து, இந்தப் பெயருள்ள சரக்கு எந்தப் பக்கம் கிடைக்கும் என்று அறிந்து சீட்டை அனுப்புவார். பொருள் வந்ததும், சீட்டு போன வழியே, கை மாறிக் கை மாறி, கேட்டவரிடம் திரும்பும். போகிற போக்கிலே கிடங்கிலும் ஒரு படி தங்கும். அடுத்தவன் கேட்டால் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. அடுத்த தெருவிலேயே கிடைக்கும்.

"போலி வந்தால்?" என்று கேட்டேன். ஊருக்கு ஊர் "ஆம்பூர் பிரியாணி" என்று பலகை தொங்குகிறது. எல்லாம் ஆம்பூர்ப் பானையிலே வெந்ததா?

தம்பி சிரித்தான். "அதனால்தான் ஒவ்வொரு பொருளிலும் செய்தவரின் கையொப்பம் பதிந்திருக்கும் அண்ணே. யார் கொண்டுவந்தார் என்பது முக்கியமல்ல, யார் செய்தார் என்பதே முக்கியம்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. தோல் மண்டியிலே பழகியவர்க்கு இது புதிதா? தாவரப் பட்டையிலே பதப்படுத்திய நம் 'ஈஸ்ட் இந்தியா' தோல், புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஒரு தோல் எத்தனை கை மாறினாலும், எந்தத் துறைமுகத்திலே இறங்கினாலும், தன் தரத்தைத் தன் மேனியிலேயே தாங்கிக்கொண்டு போகிறது. லாரியை நம்பியா தோலை வாங்குகிறார்கள்? தடவிப் பார்த்தல்லவா வாங்குகிறார்கள்!

இதுவரை எளிது. இனிமேல்தான் சிக்கல்.

கேட்பவர் நகர்ந்தால் தொல்லையில்லை. பேருந்திலே போகிறவன், பள்ளிகொண்டாவிலே கேட்ட சீட்டுக்கு வேலூர் போன பிறகு பதில் வரவில்லையென்றால் மறுபடி கேட்கிறான். பாதி வழியிலே படி காத்திருக்கும். ஆனால் பொருளை வைத்திருப்பவரே நகர்ந்தால்? ஏட்டிலே "ஆம்பூர்ச் சரக்கெல்லாம் மேற்குப் பக்கம்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறது. ஆம்பூர்ப் பெயர் கொண்ட செல்போன் இராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. சீட்டு மேற்கே போகும். ஆள் கிழக்கே நிற்பார். அவருக்கென்று ஒவ்வோர் ஏட்டிலும் தனி வரி எழுதலாமே என்பீர்கள். ஒருவருக்கு எழுதலாம். கோடிக்கணக்கான செல்போன்களுக்கு, ஒவ்வொரு டவர் மாறும்போதும், உலகெங்கும் தண்டோரா போட்டு எழுதினால் ஏடு தாங்குமா? எழுதி முடிப்பதற்குள் வேன் அடுத்த டவருக்குப் போய்விடுமே!

"இதை ஏனப்பா நீ தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டேன். தம்பி சிறிது நேரம் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

2021 நவம்பர். எந்நாளும் மணல் தெரியும் பாலாறு, கரை தெரியாமல் ஓடிற்று. அந்த மாதம் 19ஆம் நாள் பேரணாம்பட்டிலே வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டதை நாடே அறியும். அந்த வாரத்தில் ஓர் இரவு. தம்பியின் தாயார் வேலை முடிந்து தொழிற்சாலை வேனிலே வருகிறார். தரைப்பாலம் மூழ்கிவிட்டது. வேன் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிச் சுற்றுவழியிலே போகிறார். தாயார் செல்போனிலே பேசிப் பதிவு செய்கிறார்: "வேன் சுத்திக்கிட்டு வருது, நீங்க பாலத்துப் பக்கம் வராதீங்க." டவர் மாறுகிறது, இணைப்பு அறுகிறது, மறுபடி மாறுகிறது, மறுபடி அறுகிறது. சேதி வீட்டுக்கு வரவில்லை. தகப்பனும் மகனும் மொபெட்டை எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையிலே, வராதீர்கள் என்று சொன்ன அதே பாலத்துக்குப் போகிறார்கள்! கரையிலே நின்று, டார்ச்சு அடித்து, அம்மா அம்மா என்று கூவுகிறார்கள்.

தாயார் பத்திரமாக வந்து சேர்ந்தார். அவர் வந்து நெடுநேரம் கழித்துத்தான் அந்தச் சேதி வந்தது. கேளுங்கள் வேதனையை: முன்னே போன இன்னொரு வேனிலே வந்த, அடுத்த தெருப் பெண்ணின் செல்போனிலே அந்தக் குரல் அப்போதே வந்து சேர்ந்திருந்தது. சேதி அடுத்த தெருவிலே, மகன் ஆற்றங்கரையிலே!

"என் செல்போன் கேட்டது சர்வரை. கேட்டிருக்க வேண்டியது சேதியை," என்றான் தம்பி.

அன்றிரவு இந்தப் புதுமுறை இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? நான் மேடைப் பேச்சாளன். ஆம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்க ஆசைதான். தம்பி நேர்மையானவன். டவர் செத்துப்போனால் டவர் வழியே எதுவும் வராது என்றான். ஆனால் பக்கத்துப் பக்கத்துச் செல்போன்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியும். பெயரைச் சொல்லிக் கேட்கும் முறையிலே, அடுத்த தெருச் செல்போனும் ஒரு கிடங்குதான். கையொப்பம் தாயாருடையது, ஐயம் இல்லை. அந்த அளவுக்குச் சொல்லலாம் என்றான்.

நகரும் மூலத்தைப் பிடிக்க அறிஞர்கள் என்னென்ன வழி கண்டார்கள்?

ஒன்று, நடுவிலே ஒரு பட்டியல் வைத்து, யார் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. நமக்குப் பழக்கமானதுதான். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியிலே நாடெங்கும் வந்தது. 2015 ஜூலையிலே மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் எண் மாறாது என்றாயிற்று. பின்னாலே ஒரு பட்டியல் இருந்து வேலை செய்கிறது. ஆண்டுக்கொரு முறை கம்பெனி மாறுகிறவர்க்குச் சரி. நிமிடத்துக்கொரு டவர் மாறும் வேனுக்கு?

இன்னொன்று, பழைய வீட்டுக்காரர் முறை. குடிபோனவர் புது விலாசத்தைப் பழைய வீட்டிலே கொடுத்துவிட்டுப் போகிறார். கடிதம் பழைய வீட்டுக்கு வரும். அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள். இன்டர்நெட்டிலே 1996லேயே இதை விதியாக எழுதிவிட்டார்கள். நடக்கும். ஆனால் எத்தனை சுற்று! ஆம்பூர்த் தோல் சென்னைப் பெரியமேட்டிலே விற்பனைக்குப் போகிறது. வாணியம்பாடிக்காரர் ஒருவர்க்கு அதே தோல் வேண்டுமென்றால், பக்கத்து ஊர் ஆம்பூரைத் தாண்டிச் சென்னைக்குப் போய், வாங்கி, மறுபடி ஆம்பூரைத் தாண்டித் திரும்ப வேண்டும். இங்கே இருப்பவர் இங்கே இருப்பவரிடம் பேச, தொலைவிலே ஒரு நடுவர்! கோப்பு தில்லிக்குப் போய்த் திரும்பும் கதை நமக்குத் தெரியாததா? அந்த நடுவர் வீடு வெள்ளத்திலே மூழ்கினால் எல்லார் பேச்சும் மூழ்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 2014லே மூவர் சொன்னார்கள்; மூவருக்கும் சாங் என்றே குடும்பப்பெயர். முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கைட்'. ஆமாம், பட்டம்! பட்டம் எங்கே பறந்தாலும் நூல் வருகிறதல்லவா? நகர்கிறவரின் செல்போனே அவ்வப்போது ஒரு சீட்டை அனுப்பும். அது போகும் வழியிலுள்ள கணக்குப்பிள்ளைகள், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வார்கள் என்று முன்பே சொன்னேனே, அந்தக் குறிப்புத்தான் நூல். தேடி வருகிற சீட்டு அந்த நூலைப் பிடித்துக்கொண்டே ஆளிடம் போய்ச் சேரும். புதிதாக ஏடு வேண்டாம். இருக்கிற ஏடே போதும். இதிலும் நூலின் ஒரு முனையைக் கட்ட ஒரு முளை வேண்டும். ஆனால் தேடுகிறவர் முளை வரை போக வேண்டியதில்லை; நடுவழியிலே நூல் தட்டினாலே திரும்பிவிடலாம். பிறகு சிஸ்கோ கம்பெனி அறிஞர்களும் பிறரும் முளையே வேண்டாம் என்றொரு முறை கண்டார்கள். புது இடம் போனவர் முன்பிருந்த இடத்துக்கு ஒரு சேதி அனுப்புவார். வழியிலுள்ள கைகாட்டி மரங்களெல்லாம் அவர் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கேட்கக் கேட்க இனித்தது. இனித்ததாலேயே ஐயம் பிறந்தது. "தம்பி, நூலைப் பிடித்து மகன் தாயைத் தேடலாம், சரி. மேஸ்திரியும் தேடலாமா? எந்த ஊரிலே சங்கக் கூட்டத்துக்குப் போனாள், எந்தத் தெருவிலே நின்றாள் என்று வேண்டாதவன் நூலைப் பிடித்துக்கொண்டு வந்தால்?"

தம்பி உடனே பதில் சொல்லவில்லை. அது உண்மையான ஓட்டைதான் என்று ஒப்புக்கொண்டான். இந்தப் பிணையத்திலே கேட்பவர் விலாசம் மறைந்திருக்கிறது. ஆனால் கேட்கப்படும் பெயர் வழியெங்கும் வெளிச்சத்திலே போகிறது. பெயர் தாயாருடையது என்றால், தாயார் எந்தத் திசையிலே என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். இன்னோர் ஆபத்தும் சொன்னான். "நான்தான் அந்தத் தாய்" என்று வேறொருவன் பொய்ச்சீட்டு அனுப்பி நூலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். பொருளுக்கு மட்டுமல்ல, நூல் விடும் சீட்டுக்கும் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பம் உண்மையானது என்று யார் சான்று சொல்வார்? பெயர் வழங்கும் அதிகாரம் யார் கையிலே? அறிவியல் இங்கே அரசியலாகிறது, பார்த்தீர்களா!

மேஸ்திரி கேள்விக்கு மருந்து வேறொரு முறையிலே இருக்கிறது. ஆளைத் துரத்தாதே, பொருளை வாங்கி ஓரிடத்திலே வைத்துவிடு. தாயார் பேசிய குரலைச் செல்போன் உடனே ஊரிலே நிலையாக நிற்கும் ஒரு கிடங்கிலே சேர்த்துவிடும். மகன் அதைப் பெறுவான். தாயார் எந்தச் சாலையிலே என்று எவனும் அறிய வேண்டியதில்லை. சேதி வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று பிரித்துப் பார்க்கும் பண்பு இதிலே இருக்கிறது. எனக்கு இது மனிதத்தன்மையாகப் படுகிறது. ஆயின், பேசிக்கொண்டே இருக்கிற பேச்சுக்கு இது போதாது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், நெஞ்சுவலிக்காரரைச் சுமந்து ஆம்புலன்சு பறக்கிறது, அவர் இதயத் துடிப்பின் கோடு நொடிக்கு நொடி மருத்துவர் கண்ணிலே ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடங்கிலே வைத்து எடுக்க நேரமில்லை. அங்கே பட்டத்து நூல்தான் வேண்டும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியில்லை.

சில பொருள்களுக்கு ஆளே முக்கியமில்லை. "தரைப்பாலத்திலே தண்ணீர் எவ்வளவு?" இதற்குப் பதில் சொல்ல, இன்னார் என்று ஒருவர் வேண்டுமா? அந்த நேரம் அங்கே நிற்கும் எந்தச் செல்போனும், எந்த லாரியும் சொல்லலாம். ஒன்று நகர்ந்தால் அடுத்தது. பெயர் பாலத்துக்கு, ஆள் யாராயிருந்தால் என்ன!

ஒரு செய்தி சொன்னான், துள்ளிவிட்டேன். பழைய இன்டர்நெட்டிலே தளங்களுக்குப் பெயர் வைக்க ரோமன் எழுத்து, எண், சிறுகோடு, இவைதான் செல்லும். பிறகுதான் மற்ற மொழிகளுக்கு இடம் வந்தது, '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்று தமிழிலும் முடிகிற பெயர்கள் இன்று உண்டு. ஆனால் உள்ளே போகும்போது அந்தத் தமிழ்ப்பெயர் ரோமன் எழுத்து வேடம் புனைந்துதான் போகிறது! புதுமுறையிலே பெயருக்கு எழுத்துக் கட்டுப்பாடே இல்லை. 'ஆம்பூர்' என்று தமிழிலே எழுதினால் வழி நெடுக ஆம்பூர்தான். வேடம் இல்லை, விடுதி வாசலிலே சட்டை மாற்றச் சொல்லும் வேலை இல்லை.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் நம் கைக்கு வரவில்லை? 2017லே சிஸ்கோ இந்த முறையைப் பாலோ ஆல்டோக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. பிறகு பொதுவிலே திறந்தும் வைத்தது. 2019 ஜூலையிலே இதன் விதிகள் இரண்டு ஏடுகளாக வெளிவந்தன, சோதனை நிலை என்ற முத்திரையோடு. அந்த நிலையிலேயே நிற்கிறது, ஆராய்ச்சிக்கூடங்களிலே ஓடுகிறது. உலகெங்கும் உள்ள ரவுட்டர்களை மாற்றுவதென்பது ஓடுகிற ரயிலுக்குச் சக்கரம் மாற்றுவது. இன்னொன்றும் உண்டு. பெரிய கம்பெனிகள் தங்கள் படங்களின் படிகளை ஊருக்கு அருகிலேயே வாடகைக் கிடங்குகளிலே அடுக்கி வைத்திருக்கின்றன. பணம் உள்ள பொருள் ஏற்கெனவே நம் வாசலுக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு அவசரம் இல்லை. காலணி தைக்கும் தாயின் குரலுக்குத்தான் கிடங்கு இல்லை.

பேச்சு முடிந்தபோது இரவு பதினொன்றரை. அப்போது பார்த்துத் தம்பியின் செல்போன் கூவிற்று. பார்த்தான்; சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் நீட்டினான். என் பேச்சேதான்! கூட்டத்திலே யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குள் பேரணாம்பட்டுக்கும் மேல்விஷாரத்துக்கும் போய் அங்கிருந்து திரும்பியும் வந்துவிட்டது. "வேலூர் மாவட்டத்து ஆம்பூர்ப் பெருமக்களே!"

"இதைத் திருத்த முடியாதா தம்பி?"

"கையொப்பம் போட்ட பொருளைத் திருத்தக்கூடாது அண்ணே, முத்திரை உடைந்துவிடும். எத்தனை கிடங்கிலே படி இருக்கிறதோ, அத்தனையிலும் அது இருக்கும். நீங்கள் இரண்டாம் பதிப்பு என்று புதுப்பெயரிலே இன்னொன்று விடலாம். கேட்பவர் புதியதைக் கேட்டால் புதியது வரும்."

மறுநாள் மாலை வாணியம்பாடிக் கூட்டம். "திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடிப் பெருமக்களே!" என்று, ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, நீட்டி, இரண்டு முறை சொன்னேன். முன்வரிசையிலே தம்பி செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.